ஒரே கோச்... 3 கோப்பை, ஒரு கடைசி இடம்! - பேட்டிங் கோச் விவாதத்தில் நாம் கேட்க மறந்த கேள்வி

2025 ஐ.பி.எல் சீசனில் சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஆடியது 6 மேட்ச். ஜெயித்தது ஒன்றே ஒன்று. மார்ச் 23-ம் தேதி மும்பைக்கு எதிரான முதல் மேட்ச்தான் அது. அதற்குப் பிறகு நடந்த ஐந்தும் மஞ்சள் ஜெர்சிக்காரர்கள் மறக்க நினைப்பவை.

தோற்றதுகூடப் பரவாயில்லை. ஜெயித்த எதிரணி முகாமில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் நம்ம ஊர் ரசிகர்களை ரொம்பவே குத்திவிட்டது.

மார்ச் 28, ஆர்சிபி 50 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சிஎஸ்கேவை அவர்கள் வென்றது அதுதான் முதல் முறை. அந்த டீமின் பேட்டிங் கோச் மற்றும் மென்டர் தினேஷ் கார்த்திக். சென்னைக்காரர். சிஎஸ்கேவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாதவர்.

ஏப்ரல் 5, டெல்லி 25 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. 2010-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சிஎஸ்கேவுக்கு எதிராக அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி. அந்த டீமின் தலைமை கோச் ஹேமங் பதானி. அவரும் சென்னைக்காரர். டிஎன்பிஎல்லில் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

ஏப்ரல் 11, கேகேஆர். அங்கே மென்டர், நம்ம டுவைன் பிராவோ. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களும் சிஎஸ்கேவின் பௌலிங் கோச்சாக இருந்தவர். கூடவே பௌலிங் கோச், தமிழ்நாட்டு அணியின் முன்னாள் வீரர் பரத் அருண்.

ஏப்ரல் 25, ஹைதராபாத். அந்த முகாமில் முத்தையா முரளிதரன். சிஎஸ்கேவின் பழைய வீரர், சென்னையின் மாப்பிள்ளை. சேப்பாக்கத்தில் ஹைதராபாத் சிஎஸ்கேவை வென்றது அதுவே முதல் தடவை.

ஏப்ரல் 30-ம் தேதி பஞ்சாப்பிடம் தோற்றபோதுதான் இப்படிச் சொல்ல ஒரு பெயர் இல்லை!

"எல்லா டீமும் நம்ம ஊர் ஆளுங்களைத் தூக்கிட்டுப் போய் ஜெயிக்கிறான். நாம மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வி அந்தச் சீசனில்தான் பெரிதானது. அது இன்னொரு கேள்வியில் போய் நின்றது. சிஎஸ்கேவின் பேட்டிங் கோச் நாற்காலியில் யார் உட்கார வேண்டும்?

ஒரு மணி நேர ரயில் விவாதம்

ஊரப்பாக்கத்தில் ஏறி எழும்பூரில் இறங்குபவருக்கு விவாதிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிடைக்கும். வண்டலூரில் ஆரம்பித்த பேச்சு தாம்பரத்தில் சூடாகி, கிண்டியில் சண்டையாகி, மாம்பலத்தில் கூட்டத்தோடு இறங்கிவிடும். மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் என்றால் கடற்கரை ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். போகும்போது நம்பிக்கை, வரும்போது போஸ்ட்மார்ட்டம்!

இந்தப் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், மூன்று கட்சிகள் இருப்பது புரியும்.

முதல் கட்சி, 'கோச்சை மாத்து' கட்சி. இவர்கள் கையில் இருப்பது ஸ்கோர் கார்டு. கேகேஆருக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன், 9 விக்கெட். சேப்பாக்கத்தில் சிஎஸ்கே எடுத்த மிகக் குறைந்த ஐ.பி.எல் ஸ்கோர் அது. அதை கேகேஆர் 10.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டது. ஆர்சிபி மேட்சில் தோனி 9-வது ஆளாக, அஸ்வினுக்கும் பிறகு இறங்கினார். "இதையெல்லாம் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க ஒரு பேட்டிங் கோச் எதுக்கு?" என்பது இவர்கள் கேள்வி. 2020-ல் ஏழாவது இடம், 2022-ல் ஒன்பதாவது, 2024-ல் ஐந்தாவது, 2025-ல் பத்தாவது. ஆறு சீசனில் நான்கு முறை ப்ளே-ஆஃப் கிடையாது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்கள்.

இரண்டாவது கட்சி, 'அவர் என்னதான் பண்ணுவார்?' கட்சி. பெரும்பாலும் கொஞ்சம் வயதானவர்கள். "தம்பி, கடையில வாங்கிப் போட்ட காய்தானே குழம்புல வரும்?" என்று ஆரம்பிப்பார்கள். ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் என்று ஏலத்தில் எடுத்த பேட்ஸ்மேன்கள் ஆடவில்லை என்றால், வலைப்பயிற்சியில் பந்து போடுகிறவர் என்ன செய்ய முடியும் என்பது இவர்கள் வாதம்.

மூன்றாவது, 'நம்ம ஆளு' கட்சி. டபிள்யூ.வி.ராமன், பத்ரிநாத், ரெய்னா... பெயர்கள் வரிசையாக விழும். 'ரெய்னா எப்படி நம்ம ஆளு?' என்று கேட்டால் அடிதான் விழும். சின்ன தல எந்த ஊரில் பிறந்தாலும் நம்ம ஆள்தான்!

இந்த மூன்று கட்சிகளும் நாற்காலியில் யார் என்றுதான் சண்டை போடுகின்றன. அந்த நாற்காலியில் உட்காருபவரின் வேலை என்ன என்பது பேச்சில் வருவதே இல்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பதவி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதே சண்டை வருடா வருடம் நடக்கிறது. அங்கே ஃபுட்பால் என்றால் நாம் ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். தலைமை கோச்சுக்குக் கீழே, தாக்குதல் ஆட்டத்துக்கு மட்டும் ஒருவர் இருப்பார். 'அஃபென்சிவ் கோஆர்டினேட்டர்' என்று பெயர். பெரிய பல்கலைக்கழகங்களில் இவர்களில் சிலரின் சம்பளம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கும் மேல். சீசன் முடிந்து அந்த இடம் காலியானால், அடுத்தது யார் என்று முன்னாள் மாணவர்கள் முதல் டாக்ஸி டிரைவர் வரை ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள்.

ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு முறை பந்து கிளம்பும் முன்னும் யார் எங்கே ஓட வேண்டும், பந்து யாருக்குப் போக வேண்டும் என்பது வரை அவர் சொல்லிவிடலாம். 2024 முதல் அங்கே உயர்மட்டக் கல்லூரி அணிகளில், வீரரின் ஹெல்மெட்டுக்குள்ளேயே கோச்சின் குரல் கேட்க அனுமதி தந்துவிட்டார்கள். ஆட்டம் நடக்கும்போதே வேலை செய்கிற பதவி அது. அதனால் திட்டு வாங்குவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

கிரிக்கெட்டில் அதற்கு வழியே இல்லை. முயற்சி பண்ணிப் பார்த்தார்கள்! 1999 உலகக் கோப்பையில் ஹோவ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிரான மேட்ச். தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோன்யே காதில் சின்ன இயர்பீஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார். மறுமுனையில் கோச் பாப் உல்மர். தண்ணீர் இடைவேளையிலேயே நடுவர் தரப்பு அதைக் கழற்றச் சொல்லிவிட்டது.

இன்றைய ஐ.பி.எல்லில் ஓர் இன்னிங்ஸுக்கு இரண்டு ஸ்ட்ராட்டஜிக் டைம்-அவுட். ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். அதாவது, மேட்ச் நடக்கும்போது பேட்டிங் கோச் தன் பேட்ஸ்மேன்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முறைப்படி கிடைப்பது 5 நிமிடம். மற்றபடி தண்ணீர் பாட்டிலோடு ஓடும் பையனிடம் சொல்லி அனுப்பும் ஒரு வரிதான்.

அப்படியென்றால் அவர் வேலை என்ன?

மேட்சுக்கு முந்தைய நாட்களில் இருக்கிறது அவர் வேலை. த்ரோ-டவுன் போட்டு பேட்ஸ்மேனின் கால் நகர்வைப் பார்ப்பது. எதிரணி பௌலர் எந்த லெங்த்தில் தடுமாற வைப்பார் என்று வீடியோவில் உட்கார்ந்து பேசுவது. எந்த பௌலருக்கு எந்த பேட்ஸ்மேன் என்று கணக்குப் போட்டுக் கேப்டனுக்கும் தலைமை கோச்சுக்கும் சொல்வது. ஃபார்ம் போன பையனின் ரூம் கதவைத் தட்டி ஒரு காபி குடிப்பது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. எந்த ஸ்கோர் கார்டிலும் அது வராது.

ஏலத்தில் யாரை எடுப்பது, யாரை எத்தனாவது ஆளாக இறக்குவது, பிட்ச் எப்படி இருக்க வேண்டும் என்பதிலெல்லாம் அவர் கருத்து சொல்லலாம். முடிவு அவருடையது மட்டும் இல்லை. தோனி ஏன் அவ்வளவு பின்னால் வருகிறார் என்று கேட்டபோது, அவர் முழங்கால் 10 ஓவர் முழுக்க ஓடி ஆடும் நிலையில் இல்லை என்று விளக்கியவர் தலைமை கோச் ஸ்டீபன் ஃப்ளெமிங். சேப்பாக்கம் இப்போது தங்களுக்குச் சாதகமான மைதானமாக இல்லை, சில வருடங்களாகவே பிட்ச்சைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று சொன்னதும் அவரே.

இப்போது சிஎஸ்கேவின் பேட்டிங் கோச் கணக்கைப் பார்ப்போம்.

'மிஸ்டர் கிரிக்கெட்'டின் இரண்டு முகம்

மைக் ஹஸ்ஸி. 2008-லேயே மஞ்சள் ஜெர்சி போட்டவர். 2013-ல் 733 ரன் குவித்து ஆரஞ்சு கேப் வாங்கியவர். 2018-ல் சிஎஸ்கே இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பி வந்தபோது பேட்டிங் கோச் ஆனார்.

அவர் வந்த முதல் சீசனிலேயே கோப்பை. ராயுடு 602 ரன், ஃபைனலில் வாட்சன் 117 நாட் அவுட். 2021-ல் ருதுராஜ் 635, டு பிளெஸ்ஸி 633, மறுபடியும் கோப்பை. 2023-ல் கான்வே 672 ரன், ஷிவம் துபே 35 சிக்ஸர். கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா அடித்த சிக்ஸும் ஃபோரும் நம் எல்லோருக்கும் மனப்பாடம்.

அதே 2023-ல் இன்னொரு விஷயம் நடந்தது. 50 லட்ச ரூபாய் அடிப்படை விலைக்கு எடுக்கப்பட்ட ரஹானே, 172 ஸ்ட்ரைக் ரேட்டில் 326 ரன் அடித்தார். 'டெஸ்ட் பிளேயர்' என்று ஒதுக்கப்பட்டவர் அப்படி ஆடியதைப் பார்த்து, எதிரணி ரசிகர்களே 'சிஎஸ்கே மேஜிக்' என்றார்கள். அப்போது யாராவது 'ஹஸ்ஸி மேஜிக்' என்று சொன்னார்களா? பாராட்டு தோனிக்குப் போனது. மிச்சம் ஃப்ளெமிங்குக்கு.

ஹஸ்ஸி வந்த 2018-லிருந்து 2025 வரை எட்டு சீசன்கள். 3 கோப்பை வாங்கித் தந்த காலத்திலும், சிஎஸ்கே தன் வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம் பிடித்த சீசனிலும், அந்த நாற்காலியில் இருந்தவர் அதே ஹஸ்ஸிதான். கோப்பைக்கு அவர் காரணம் இல்லை என்றால், கடைசி இடத்துக்கு மட்டும் எப்படிக் காரணம் ஆவார்? கடைசி இடத்துக்கு அவர்தான் காரணம் என்றால், அந்த 3 கோப்பையில் அவருக்குப் பங்கு தரத்தானே வேண்டும்?

2025 சீசனுக்குள்ளேயே இன்னொரு ஆதாரம் இருக்கிறது. பாதியில் ருதுராஜ் காயம்பட்டு விலக, 17 வயது ஆயுஷ் மாத்ரே உள்ளே வந்தார். டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் என இன்னும் இரண்டு அதிரடிக்காரர்களும் மாற்று வீரர்களாகச் சேர்ந்தார்கள். பெங்களூரில் ஆர்சிபிக்கு எதிராக மாத்ரே 48 பந்தில் 94. கடைசி மேட்சில் அகமதாபாத்தில் குஜராத்துக்கு எதிராக பிரெவிஸ் 23 பந்தில் 57. டீம் ஸ்கோர் 230. வெற்றி 83 ரன் வித்தியாசத்தில்!

ஏப்ரலில் 103 அடித்த டீம் மே மாதத்தில் 230 அடித்தது. ஆடியவர்கள் மாறினார்கள், பிட்ச்சும் வேறு. பேட்டிங் கோச் மாறவில்லை.

இரண்டாவது கட்சிப் பெரியவர் இந்த இடத்தில் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். ஆனால், அவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மூன்று பையன்களையும் சீசன் ஆரம்பத்திலேயே எடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்களில் பேட்டிங் கோச்சும் ஒருவர்தானே? அவர் சொன்னாரா, சொல்லியும் மற்றவர்கள் கேட்கவில்லையா? அந்த ரூமுக்குள் நமக்கு அனுமதி இல்லை.

36 ஆல் அவுட்... சரியாக ஒரு மாதத்தில் காபா!

இது சிஎஸ்கேவின் கதை மட்டும் இல்லை. இந்திய டீமில் இதைவிடப் பளிச்சென்று ஒரு உதாரணம் உண்டு.

2019 உலகக் கோப்பை அரையிறுதி. நியூசிலாந்துக்கு எதிராக ரோஹித், ராகுல், கோலி மூவரும் தலா ஒரு ரன். தோனி ஏழாவது ஆளாக இறங்கினார். கடைசியில் அந்த ரன் அவுட். 18 ரன்னில் தோல்வி. நாடே அழுதது.

அடுத்த மாதம் இந்திய டீமின் பயிற்சியாளர் பதவிகளுக்கு ஆள் எடுத்தார்கள். தலைமை கோச் பதவிக்கான நேர்காணலில் நம்ம ராபின் சிங்கும் இருந்தார். ரவி சாஸ்திரியே தொடர்ந்தார். பௌலிங் கோச் பரத் அருண் தொடர்ந்தார். ஃபீல்டிங் கோச் ஸ்ரீதர் தொடர்ந்தார். வேலை போனது ஒரே ஒருவருக்கு. பேட்டிங் கோச் சஞ்சய் பாங்கர்.

அந்த இடத்துக்கு எம்.எஸ்.கே.பிரசாத் தலைமையிலான தேர்வுக்குழு மூன்று பெயர்களை வரிசைப்படுத்தியது. விக்ரம் ராத்தோர், பாங்கர், இங்கிலாந்தின் மார்க் ராம்பிரகாஷ். ராம்பிரகாஷ் முதல் தர கிரிக்கெட்டில் 114 சதம் அடித்தவர். ராத்தோர் இந்தியாவுக்காக ஆடியது 6 டெஸ்ட், 7 ஒருநாள் போட்டி. வேலை கிடைத்தது ராத்தோருக்கு. 'ஆறு டெஸ்ட் ஆடினவர் கோலிக்கு என்ன சொல்லித் தருவார்?' என்று கேட்காத டீக்கடை இருந்திருக்காது.

2020 டிசம்பர் 19, அடிலெய்டு. இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டது. டெஸ்ட் வரலாற்றில் இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர். பேட்டிங் கோச் ராத்தோர்.

2021 ஜனவரி 19, பிரிஸ்பேன் காபா. சரியாக ஒரு மாதம். கோலி இல்லை, பாதி டீம் காயத்தில். முதல் டெஸ்ட் ஆடிய நம்ம வாஷிங்டன் சுந்தர் 62 அடித்தார். நடராஜனுக்கும் அதுதான் முதல் டெஸ்ட். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் டெஸ்ட் தோற்காத ஆஸ்திரேலியாவை, 328 ரன்னைத் துரத்தி வீழ்த்தினோம். அப்போதும் பேட்டிங் கோச் ராத்தோர்தான்.

2024 டி20 உலகக் கோப்பையை வென்ற டீமிலும் அவர்தான் பேட்டிங் கோச். 'ஆறு டெஸ்ட்' கேள்வியை அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு இன்னும் அழகான பதில் 2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் கிடைத்தது. நம்ம பெண்கள் முதல் முறையாக ஒருநாள் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அவர்களின் தலைமை கோச் அமோல் மஜும்தார். உள்ளூர் கிரிக்கெட்டில் ரன் மலையே குவித்தும், இந்தியாவுக்காக ஒரு மேட்ச்கூட ஆட வாய்ப்புக் கிடைக்காதவர்!

முதலில் போகும் தலை

பேட்டிங் கோச் விவாதத்தில் நாம் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. டீம் தோற்றால் வீரர்களை உடனே மாற்ற முடியாது, கோடிகளில் ஒப்பந்தம். கேப்டனை மாற்றினால் பிரளயம். தலைமை கோச்சை மாற்றினால் நிர்வாகமே தப்பு செய்ததாக ஆகிவிடும். மிச்சம் இருப்பது உதவிப் பயிற்சியாளர்கள். 'ஏதோ நடவடிக்கை எடுத்தோம்' என்று காட்ட அவர்கள்தான் வசதி.

2019-ல் பாங்கர். 2024 ஜூலையில் கௌதம் கம்பீரோடு உதவிப் பயிற்சியாளராக வந்த அபிஷேக் நாயரின் கதையும் ஏறக்குறைய அதுதான். சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 0-3, ஆஸ்திரேலியாவில் 1-3. ஜனவரியில் சிதான்ஷு கோட்டக் பேட்டிங் கோச்சாகச் சேர்க்கப்பட்டார். ஒரு வருடம் நிறைவதற்கு முன்பே, ஏப்ரலில் நாயர் வெளியே. அதே மாதம் கேகேஆர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது.

இந்திய பேட்டிங் அதோடு சரியாகிவிட்டதா? 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா இங்கே வந்து 2-0 என டெஸ்ட் தொடரைத் தூக்கிப் போனது. கொல்கத்தாவில் 124 ரன் இலக்கைத் துரத்தி 93-க்கு ஆல் அவுட். மாற்றியது ஒரு பெயரை. பிரச்னை வேறு எங்கோ இருந்திருக்கிறது.

'நம்ம ஆளு' கேட்பது தப்பா?

இல்லவே இல்லை. அந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. டபிள்யூ.வி.ராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பயிற்சியில் இந்தியப் பெண்கள் அணி 2020 டி20 உலகக் கோப்பை ஃபைனல் வரை போனது. அடுத்த வருடமே அவர் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். 2024-ல் ஆண்கள் அணியின் தலைமை கோச் பதவிக்கான நேர்காணலிலும் கம்பீரோடு இருந்த பெயர் அவருடையது. வேலை கம்பீருக்குப் போனது.

சேப்பாக்கம் பிட்ச்சின் குணம் தெரிந்தவர், புதுப் பையனிடம் தமிழிலேயே தட்டிக்கொடுத்துப் பேசுபவர், டிஎன்பிஎல்லில் யார் எப்படி ஆடுகிறான் என்று பார்த்துவைத்திருப்பவர்... இந்தத் தகுதிகளுக்காக ஒருவரைக் கேட்டால் அது சரியான கோரிக்கை. 2025-ல் சிஎஸ்கே ஸ்ரீதரன் ஸ்ரீராமை உதவி பௌலிங் கோச்சாக எடுத்தது. 2018 முதல் 2022 வரை பௌலிங் கோச்சாக இருந்தவர் பாலாஜி. பந்து வீச்சுப் பக்கம் நம்ம ஊர் அறிவுக்கு இடம் இருந்திருக்கிறது. பேட்டிங் பக்கமும் வேண்டும் என்று கேட்கலாம், தாராளமாக.

ஆனால் 'நம்ம ஊர்' என்பது மட்டுமே தகுதி ஆகிவிடாது. தினேஷ் கார்த்திக் ஆர்சிபியில் ஜெயித்ததற்குக் காரணம் அவர் சென்னைக்காரர் என்பது இல்லை. முந்தைய சீசன் வரை அதே டீமில் ஆடியவர். யாருக்கு என்ன வரும், என்ன வராது என்று அவருக்குத் தெரியும். கூடவே, ஏலத்தில் அந்த டீம் தேர்ந்தெடுத்த ஆட்களும் சரியாக அமைந்தார்கள். 2025 ஜூன் 3-ம் தேதி 18 வருடக் காத்திருப்பு முடிந்தது.

ஆக, அடுத்த முறை ரயிலில் இந்தப் பேச்சு கிளம்பினால், பெயருக்கு முன்னால் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஏலத்தில் இவர் பேச்சு எடுபடுமா? இவர் கையில் யாராவது ஒருவர் முன்பைவிட நன்றாக ஆடினாரா? ஃபார்ம் போன வீரர் இவரைத் தேடிப் போனாரா, தவிர்த்தாரா? சொந்த மைதானத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஜன்னல் சீட்டை அவருக்கே கொடுத்துவிடலாம்!

நமக்கு ஓட்டு இருக்கும் இடம்

ஐ.பி.எல் டீமின் கோச்சைத் தேர்ந்தெடுக்க நம்மிடம் யாரும் கேட்கப்போவதில்லை. விண்ணப்பமும் கிடையாது, நேர்காணலை நாம் பார்க்கவும் முடியாது. ஆனால், ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வண்டலூரிலும் உள்ள அப்பா அம்மாக்கள் நிஜமாகவே ஒரு பேட்டிங் கோச்சைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சனி, ஞாயிறு காலையில் தன் உயரத்துக்குக் கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பிள்ளைகளுக்காக.

அங்கேயும் நாம் முதலில் பார்ப்பது போர்டில் இருக்கும் பெயரைத்தான். 'ரஞ்சி ஆடினவராம்', 'பெரிய பிளேயர் வந்து போறாராம்' என்றதும் ஃபீஸ் கட்டிவிடுகிறோம். போர்டில் இருப்பவரும் வலைக்குப் பின்னால் நிற்பவரும் ஒருவரேதானா என்று பார்ப்பதில்லை.

ஒரே ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள்? ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளைக்கு எத்தனை பந்து ஆடக் கிடைக்கிறது? பத்து வயதுப் பையனுக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் ஒரே பந்து, ஒரே வேகம்தானா? அவுட் ஆகி வரும் பிள்ளையிடம் கோச் என்ன சொல்கிறார்? கத்துகிறாரா, கால் எங்கே போயிருக்க வேண்டும் என்று காட்டுகிறாரா? பெண் பிள்ளைகள் இருந்தால் உடை மாற்ற இடம், கழிவறை இருக்கிறதா? போன வருடம் சேர்ந்த பிள்ளைகள் இந்த வருடமும் வருகிறார்களா?

ஹஸ்ஸிக்குப் பதில் யார் என்று ஒரு மணி நேரம் பேசுகிற நமக்கு, இந்தக் கேள்விகளைக் கேட்கப் பத்து நிமிடம் போதும். அங்கே நம் பேச்சு எடுபடும். பதில் சரியில்லை என்றால், வேறு கோச்சைப் பார்க்கவும் நம்மால் முடியும்.